கேஸுக்குக் காசு கேட்டால் ஏன் முகம் மாறுது?

காசு சேர்க்கத் தெரியாத சனம் இல்லை நாங்கள். சுனாமிக்குச் சேர்த்தோம், வெள்ளத்துக்குச் சேர்த்தோம், 2022இல் மருந்து இல்லாமல் ஆஸ்பத்திரிகள் தவித்தபோது வெளிநாட்டுச் சொந்தங்களைப் பிடித்துச் சேர்த்தோம். வெள்ளவத்தையில் யாருக்காவது கிட்னி மாற்ற வேண்டுமென்றால் வட்ஸ்அப்பில் வரும் செய்தியை ஒரு கேள்வியும் கேட்காமல் பத்துப் பேருக்கு அனுப்புகிறோம். கொட்டாஞ்சேனையில் செத்த வீட்டுச் செலவுக்குப் பக்கத்து வீட்டுக்காரர் கொப்பியோடு வந்தால் பேர் எழுதிக் காசு கொடுக்கிறோம். அதெல்லாம் எங்கட பெருமை.

அதே வீட்டிலிருந்து ஒரு அம்மா வந்து, "மகனைப் பொலிஸ் பிடிச்சிட்டுது, லோயருக்குக் காசு வேணும்" என்று சொல்லிப் பார்க்கட்டும். முதல் கேள்வி, "என்ன செய்தவன்?" இரண்டாவது கேள்வி, "செய்தவனோ?" மூன்றாவது கேள்வி வருவதில்லை. அதற்குள் கதவு பாதி சாத்தியிருக்கும்.

கிட்னி பழுதானவரிடம் "நீ குடிச்சனியோ?" என்று கேட்டுவிட்டுத்தான் காசு கொடுப்போம் என்று யாரும் சொல்வதில்லை. வழக்கில் மட்டும் நாங்களே நீதவான் ஆகிவிடுகிறோம். நான் சொல்ல வருவது இதுதான்: வழக்குச் செலவுக்குக் காசு கொடுப்பது "அவன் குற்றமற்றவன்" என்று சான்றிதழ் கொடுப்பதல்ல. செய்தானா இல்லையா என்று ஒழுங்காக விசாரித்துக் கண்டுபிடிக்கட்டும் என்பதற்காகக் கொடுக்கும் காசு அது. எங்களுக்கு விடை தெரியாத கட்டத்தில்தான் அந்தக் காசு தேவைப்படுகிறது.

முதலில் செலவு எங்கே போகிறது என்று பார்ப்போம், ஏனென்றால் இது நிறையப் பேருக்குத் தெரியாது. தெஹிவளையிலோ கல்கிசையிலோ ஒரு பெடியன் பிடிபட்டால், வழமையான சட்டப்படி 24 மணித்தியாலத்துக்குள் நீதவான் முன் கொண்டுபோக வேண்டும். கல்கிசை நீதவான் நீதிமன்றத்தில் அன்றைக்கு அவனுக்காக எழும்பி நின்று ஒருவர் பேசுகிறாரா இல்லையா என்பது பெரிய விஷயம். பிணை கிடைக்கலாம், கிடைக்காவிட்டால் விளக்கமறியல். பிறகு 14 நாளுக்கு ஒரு தவணை, தவணைக்கு ஒரு கட்டணம். இடையில் வழக்கை முன்கூட்டி எடுக்க மோஷன் போட வேண்டும், அதற்கும் காசு. வழக்கேட்டின் பிரதி எடுக்க வேண்டும். சிங்களத்தில் எழுதிய வாக்குமூலத்தை ஒருவர் வாசித்துத் தமிழில் சொல்ல வேண்டும். சிறைக்குச் சாப்பாடு கொண்டுபோக ஆட்டோக் காசு. பிணை கொடுத்தாலும் சரீரப் பிணைக்கு ஆள் வேண்டும். அந்த ஆள் கிராம சேவகரிடம் கடிதம் எடுத்து, ஒரு நாள் வேலையை விட்டுவிட்டு வரவேண்டும். மலையகத்திலிருந்து வந்து காலி வீதிக் கடையொன்றில் வேலை செய்யும் பெடியனுக்குக் கொழும்பில் யார் பிணை நிற்பது? ஹட்டனிலிருந்து அப்பா வந்து போகும் பஸ் காசே ஒரு சுமை. போதைப்பொருள் வழக்கென்றால் இன்னும் சிக்கல். பிடிபட்ட அளவைப் பொறுத்து மேல் நீதிமன்றம், மேன்முறையீட்டு நீதிமன்றம் வரை போனால்தான் பிணை. 2023 டிசம்பரில் 'யுக்திய' நடவடிக்கை தொடங்கியபோது பல்லாயிரம் பேர் அள்ளப்பட்டார்கள். அதில் யாருக்கு லோயர் இருந்தது, யாருக்கு இல்லை என்று எங்கட வீதிகளில் யாரும் கணக்கெடுத்ததாக நான் காணவில்லை.

"அரசாங்கம் இலவசமா லோயர் குடுக்குமே?" என்று கேட்பவர்கள் உண்டு. பாதி உண்மை. அரசியலமைப்பின் 13(3) ஆவது உறுப்புரை, குற்றம் சாட்டப்பட்டவருக்கு நேரிலோ சட்டத்தரணி மூலமோ தன் பக்கத்தைச் சொல்லும் உரிமை உண்டென்கிறது. அந்தச் சட்டத்தரணிக்கு யார் காசு கட்டுவது என்று சொல்லவில்லை. மேல் நீதிமன்றத்தில் சட்டத்தரணி இல்லாமல் நிற்பவருக்கு ஒருவரை நியமிக்க வழி இருக்கிறது. ஆனால் மேல் நீதிமன்றத்துக்குப் போகுமுன் மாதங்கள், சில நேரம் வருடங்கள் கழிந்துவிடும். 1978ஆம் ஆண்டின் 27ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் சட்ட உதவி ஆணைக்குழு இருக்கிறது, புதுக்கடையில் தலைமையகம், நாடெங்கும் கிளைகள். நல்ல காரியம், கட்டாயம் முதலில் அங்கே போக வேண்டும். ஆனால் அங்கே வருமானம் பார்ப்பார்கள். சும்மா ஒரு சின்னக் கடை, ஒரு ஆட்டோ, ஒரு கிளார்க் சம்பளம் உள்ள குடும்பம் அந்தக் கோட்டுக்கு மேலேயும் நல்ல லோயரின் கட்டணத்துக்குக் கீழேயும் மாட்டிக்கொள்ளும். நகையை அடகு வைக்கும் குடும்பங்கள் பெரும்பாலும் இவைதான்.

லோயர் இருந்தால் என்ன பெரிதாக மாறிவிடும் என்று நினைப்பவர்களுக்கு அமெரிக்காவின் கிளாரன்ஸ் ஏர்ல் கிடியன் கதை. 1961இல் புளோரிடாவில் ஒரு பில்லியர்ட்ஸ் கடையை உடைத்ததாகக் கேஸ். காசில்லை, லோயர் கேட்டான், நீதிமன்றம் மறுத்தது. தானே வாதாடி ஐந்து வருடச் சிறை வாங்கினான். சிறையிலிருந்து பென்சிலால் எழுதி உயர் நீதிமன்றத்துக்கு அனுப்பினான். 1963 மார்ச்சில் அவனுக்குச் சார்பாகத் தீர்ப்பு வந்தது. அதே ஒகஸ்டில் மறுவிசாரணை. அதே நீதிபதி, அதே பிரதான சாட்சி. இந்த முறை ஒரு லோயர் இருந்தார். விடுதலை.

எங்கட பக்கத்தில் இதைவிடப் பெரிய கதை இருக்கிறது. ராஜீவ் காந்தி கொலை வழக்கில் 1998 ஜனவரி 28ஆம் திகதி பூந்தமல்லி தடா நீதிமன்றம் 26 பேருக்கு மரண தண்டனை விதித்தது. 26 பேருக்கும். அவர்களில் 13 பேர் இலங்கைத் தமிழர். அந்த நேரம் தமிழ்நாட்டில் இவர்களுக்காக வாய் திறப்பதே லேசான காரியமில்லை. அப்படியிருந்தும் பழ. நெடுமாறன் முன்னின்று '26 தமிழர் உயிர்காப்புக் குழு' என்று ஒன்றை அமைத்து, மேன்முறையீட்டுக்குச் சனத்திடம் காசு சேர்த்தார்கள். டெல்லி உச்ச நீதிமன்றத்தில் மூத்த வழக்கறிஞர் நடராஜன் வாதாடினார். 1999 மே 11ஆம் திகதி தீர்ப்பு வந்தது. 19 பேர் விடுவிக்கப்பட்டார்கள். அவர்களில் சிலர் மேல் சின்னக் குற்றங்கள் நின்றாலும், அதற்குரிய தண்டனையை ஏற்கனவே உள்ளே இருந்து கழித்துவிட்டார்கள். நாலு பேருக்கு மரண தண்டனை உறுதியானது, மூன்று பேருக்கு ஆயுள்.

அந்த 26இலிருந்து 19ஐக் கழித்துப் பாருங்கள். கொலையைச் சரியென்று சொன்னவர்கள் மட்டும்தான் அதற்குக் காசு கொடுத்திருக்க முடியும் என்று இல்லை. கொலை பிழை, ஆனால் 26 பேரையும் ஒரே கயிற்றில் தொங்கவிடுவதும் பிழை என்று நினைத்த ஒருவரும் ஐம்பது ரூபாய் போட்டிருக்கலாம். அன்றைக்கு "செய்தவங்களோ?" என்ற கேள்விக்குப் பதில் கிடைக்கும்வரை எல்லாரும் காசைப் பொத்தி வைத்திருந்தால், பதில் கிடைக்கிறபோது யாரைக் காப்பாற்றுவது? மிச்ச ஏழு பேரின் கதையும் அங்கே முடியவில்லை. வழக்குக்கு மேல் வழக்காகப் போய், 2022இல் பேரறிவாளன் மே மாதத்திலும் மற்ற ஆறு பேர் நவம்பரிலும் வெளியே வந்தார்கள். சாந்தன் ஊர் திரும்புமுன் 2024 பெப்ரவரியில் சென்னையில் இறந்துபோனார். உடல்தான் யாழ்ப்பாணம் வந்தது.

இலங்கையில் எங்கட வயதுக்காரருக்குக் கிட்டிய உதாரணம் அஹ்னாப் ஜசீம். 'நவரசம்' என்ற தமிழ்க் கவிதைத் தொகுப்புக்காக 2020 மே 16ஆம் திகதி பயங்கரவாதத் தடைச் சட்டத்தில் கைதானார். தீவிரவாதத்தைப் பரப்பும் கவிதைகள் என்றது பொலிஸ். மொழிபெயர்த்து வாசித்தவர்கள் வன்முறைக்கு எதிரான வரிகளைத்தான் கண்டார்கள். 579 நாள் உள்ளே. 2021 டிசம்பரில் பிணை, 2023 டிசம்பரில் புத்தளம் மேல் நீதிமன்றத்தில் விடுதலை. மூன்றரை வருடம். இங்கே கல்கிசையிலும் அப்படித்தான். சமூக வலைத்தளப் பதிவு ஒன்றுக்காக 2024இல் தெஹிவளைப் பொலிஸார் பிடித்த இளைஞர் ஒருவர் மாதக்கணக்கில் உள்ளே இருந்துவிட்டு அடுத்த வருடம்தான் வெளியே வந்தார். விடுதலையானால் லோயருக்குக் கட்டிய காசை அரசாங்கம் திருப்பித் தருவதில்லை. நட்டஈடு வேண்டுமென்றால் அடிப்படை உரிமை மனு என்று இன்னொரு வழக்கு. அதற்கு ஒரு மாதக் கெடு, அதற்கும் லோயர். குற்றமற்றவன் என்று தீர்ப்பு வந்த வீட்டிலும் அடகுச் சீட்டு அப்படியே இருக்கும்.

பயங்கரவாதத் தடைச் சட்ட வழக்கென்றால் கொடுக்கிறவருக்கு ஒரு பயம் இருக்கிறது. "குடுத்தா எங்களையும் கூப்பிடுவாங்களோ?" இந்தப் பயத்தை நான் பகிடி பண்ண மாட்டேன். 1979இல் 'தற்காலிகம்' என்று கொண்டுவந்து இன்றுவரை இருக்கிற சட்டம் அது. அதனால்தான் காசு எந்த வழியில் போகிறது என்பது முக்கியம். குடும்பத்தின் கையிலோ, ஏற்பாட்டாளரின் சொந்தக் கணக்கிலோ, "அண்ணாட்ட குடுங்கோ" என்ற வகையிலோ போகக்கூடாது. நேரே சட்டத்தரணிக்கு, பற்றுச்சீட்டோடு. அது தொழிலுக்கான கட்டணம், மறைக்க ஒன்றும் இல்லை. சேர்க்கத் தொடங்குமுன் அந்தச் சட்டத்தரணியிடமே எப்படிச் சேர்ப்பது என்று கேட்டுவிட வேண்டும். என்ன எழுதலாம், எதை எழுதக்கூடாது என்றும் கேட்க வேண்டும். உணர்ச்சிவசப்பட்டு வழக்கின் முழு விபரத்தையும் போஸ்டரில் போட்டு, சாட்சியின் பேரையும் போட்டால், சேர்த்த காசைவிட அதனால் வரும் சேதம் பெரிது.

கேட்கிறவர்கள் பக்கமும் சொல்ல வேண்டியது இருக்கிறது. சனம் முகம் சுளிப்பதற்கு ஒரு பாதிக் காரணம், முன்னம் கொடுத்த காசுகளுக்குக் கணக்கு வராதது. இது இன்று நேற்றைய வியாதியில்லை. வ.உ.சிதம்பரனார் 1908இல் தண்டிக்கப்பட்டு 1912 கடைசியில் வெளியே வந்தபோது கப்பல் கம்பனியும் இல்லை, வக்கீல் தொழிலும் இல்லை, வறுமை. அவருக்கென்று தென்னாப்பிரிக்கத் தமிழர்கள் சேர்த்த காசு காந்தியின் கையில் இருந்தது. காந்தி 1915இல் இந்தியா வந்தபின், அந்தக் காசைப் பற்றி வ.உ.சி. அவருக்குக் கடிதத்துக்கு மேல் கடிதம் எழுத வேண்டியிருந்தது. தொகை 347 ரூபாய் 12 அணா. ஆ. இரா. வேங்கடாசலபதி இதைத் தேடிப்பிடித்து ஒரு புத்தகமே எழுதியிருக்கிறார். யாரும் களவெடுக்கவில்லை. காந்தியைப் போல கணக்கில் கறாரான ஒரு மனிசனின் கையிலேயே, யார் யார் எவ்வளவு கொடுத்தது, யாருக்குச் சேரவேண்டியது என்ற எழுத்து தெளிவாக இல்லாவிட்டால் அப்படி ஆகும். கஷ்டத்தில் இருக்கிற ஆள் தனக்கு வந்த காசைத் தானே கெஞ்சி வாங்க வேண்டியிருந்தது என்பதுதான் எனக்கு அந்தக் கதையில் குத்துகிற இடம்.

அதனால் கேட்பவர்கள் முதல் செய்தியிலேயே எவ்வளவு தேவை, எதற்கு, எத்தனை தவணைக்கு என்று எழுதுங்கள். "உங்களால் முடிந்ததை" என்று மட்டும் போடாதீர்கள். தொகை தெரியாத பையில் காசு போட யாருக்கும் தயக்கம் வரும். ஒவ்வொரு தவணை முடியவும் என்ன நடந்தது, எவ்வளவு கட்டியது, எவ்வளவு மிச்சம் என்று நாலு வரி போடுங்கள். நிறையப் பேர் கைதான அன்றைக்குச் சேர்க்கத் தொடங்கி, பிணை கிடைத்ததும் நிறுத்திவிடுகிறார்கள். வழக்கு அதற்குப் பிறகுதான் தொடங்குகிறது. தேவையான தொகை சேர்ந்துவிட்டால் சேர்ந்துவிட்டது என்று சொல்லி நிறுத்துங்கள், அதையும் பலர் செய்வதில்லை.

மிச்சக் காசு வந்தால் என்ன செய்வது என்பதையும் முதலே பேசி வைக்க வேண்டும். பெரிய தொகையென்றால் கொடுத்தவர்களிடம் கேட்டுச் செய்யலாம். சின்னத் தொகையென்றால் என் விருப்பம் இது: அதே நீதிமன்றத்தில், அடுத்த தவணைக்கு ஹட்டனிலிருந்தோ மட்டக்களப்பிலிருந்தோ விடியப்புறம் பஸ் ஏறி வந்து, யாரிடம் என்ன கேட்பதென்று தெரியாமல் வாசலில் நிற்கும் அம்மா அப்பாமாரின் பயணக் காசுக்கும் மத்தியானச் சாப்பாட்டுக்கும் அது போகட்டும்.