எழுபதுக்கு மேல் எதற்கு வைத்தியம்?

வீட்டுப் பெரியவருக்கு மார்பில் கட்டி, அது புற்றுநோய்தான் என்று பயாப்ஸி சொல்லிவிட்டால் அன்று மாலையே குடும்பம் கூடிவிடும். மகன், மருமகள், வீடியோ காலில் வெளிநாட்டு மகள். பேச்சு பெரும்பாலும் ஒரே இடத்தில் வந்து முடியும்: "இந்த வயசுல எதுக்கு அவங்களைப் போட்டு அறுத்துக்கிட்டு? இருக்கிற வரைக்கும் நிம்மதியா இருக்கட்டும்." பாசத்தில் வரும் பேச்சுதான், சந்தேகமில்லை. அதற்குச் சொல்லும் காரணங்கள்தான் தேறுவதில்லை.

"வயசானா நோய் மெதுவாத்தான் வளரும்" என்பது முதல் காரணம். பாதி உண்மை. முதுமையில் வரும் மார்பகப் புற்றில் பெரும்பகுதி ஹார்மோன் ஏற்பி உள்ள வகை. அவற்றில் பல நிதானமாக வளர்பவை. ஆனால் எழுபதை எட்டிய பெண்ணுக்குச் சராசரியாக இன்னும் பத்தாண்டுக்கு மேல் ஆயுள் இருக்கிறது. மெதுவாக வளரும் கட்டிக்கும் அந்த அவகாசம் போதும். லண்டன் மிடில்செக்ஸ் மருத்துவமனையில் 1805 முதல் 1933 வரை சிகிச்சையே பெறாத 250 பெண்களின் பதிவேடு இருக்கிறது. அறிகுறி தெரிந்ததிலிருந்து 2.7 ஆண்டுக்குள் பாதிப் பேர் இறந்துவிட்டார்கள். எல்லா வயதினரும் அதில் உண்டு, பலர் முற்றிய நிலையில் வந்தவர்கள் என்பதையும் சொல்ல வேண்டும். இருந்தாலும், விட்டுவிட்ட கட்டி என்ன செய்யும் என்று புற்றுநோய் வார்டில் வேலை பார்த்தவர்களைக் கேளுங்கள். தோலை உடைத்துக்கொண்டு வெளியே வரும். ரத்தம் கசியும். வாடைக்குப் பயந்து, ஜாக்கெட்டுக்குள் பஞ்சை அடைத்துக்கொண்டு, பேரன் பக்கத்தில்கூட உட்காராமல் ஒதுங்கியிருப்பார்கள். இதையா நிம்மதி என்கிறோம்?

"ஆபரேஷன் தாங்காது." மார்பக அறுவையில் வயிற்றையோ நெஞ்சுக்கூட்டையோ திறப்பதில்லை, உடம்புக்கு அது தரும் சிரமம் மற்றப் பெரிய அறுவைகளைவிடக் குறைவு. தாங்குமா என்பதற்கு ஆதார் அட்டையில் உள்ள பிறந்த வருடம் பதில் சொல்லாது. இதயம், சிறுநீரகம், சர்க்கரை, நடை, சாப்பாடு, ஞாபகம் இவற்றைப் பார்த்துத்தான் சொல்ல முடியும். ரேஷன் கடைக்கு நடந்து போய்வரும் 78 வயதுக்காரர், டயாலிசிஸில் இருக்கும் 68 வயதுக்காரரைவிட நன்றாகத் தாங்குவார். உண்மையிலேயே தாங்காதவர்களுக்கு, ஹார்மோன் ஏற்பி உள்ள கட்டியாக இருந்தால், மாத்திரை மட்டும் கொடுப்பதும் முறையான சிகிச்சைதான். எழுபது தாண்டியவர்களிடம் நடந்த ஆய்வுகளில் இரண்டு வழிக்கும் ஆயுளில் தெளிவான வித்தியாசம் தெரியவில்லை. ஆனால் கட்டியை அடக்கிவைப்பதில் அறுவையே மேல். ஆயுள் இன்னும் சில வருடம் இருக்கிறவருக்கு அது பெரிய விஷயம்.

"வைத்தியம்னா கீமோ, கரண்ட், முடி கொட்டுறது எல்லாம் உண்டே." இங்கேதான் ரொம்பத் தப்பாகப் புரிந்துகொண்டிருக்கிறோம். பலவற்றைத் தைரியமாக விட்டுவிடலாம் என்று ஆய்வே சொல்லியிருப்பது இந்த வயதுக்குத்தான். பிரைம் 2 ஆய்வில் 65 வயதும் அதற்கு மேலும் ஆன 1,326 பெண்கள். கட்டி 3 செ.மீ.க்குள், அக்குளில் நோய் பரவவில்லை, கட்டியை மட்டும் எடுத்துவிட்டு ஹார்மோன் மாத்திரை. பாதிப் பேருக்குக் கரண்ட் (கதிர்வீச்சு) வைத்தார்கள், பாதிப் பேருக்கு வைக்கவில்லை. பத்தாண்டு கழித்து, வைக்காதவர்களில் நூற்றுக்கு 9.5 பேருக்கு அதே பக்கத்தில் நோய் திரும்பியது, வைத்தவர்களில் 0.9. உயிரோடு இருந்தவர்களோ இரு குழுவிலும் நூற்றுக்கு ஏறக்குறைய 81. மாத்திரையை ஒழுங்காக விழுங்குகிறவர் கரண்டை விடலாம். திரும்பிவிடுமோ என்ற பயத்தோடு வாழ முடியாதவர் வைத்துக்கொள்ளலாம். இரண்டும் சரியே. கரண்ட் வைப்பதையும் இப்போது சிலருக்கு ஒரே வாரத்தில், ஐந்து தடவையில் முடித்துவிடுகிறார்கள்.

கீமோவும் எல்லோருக்கும் இல்லை. ஆனால் ஹார்மோன் ஏற்பி இல்லாத வகை என்றால், "வயசாச்சு, மென்மையானதா ஏதாவது கொடுங்க" என்று கெஞ்சுவதில் ஆபத்து உண்டு. 65 தாண்டிய 633 பேரிடம், வழக்கமான கீமோவுக்குப் பதில் கேப்சிடபின் மாத்திரை கொடுத்துப் பார்த்தார்கள். மாத்திரைக்காரர்களுக்குத்தான் நோய் அதிகம் திரும்பியது, மரணமும் அதிகம்.

"மாத்திரையே மூட்டை முடக்கிடுதே" என்பதை மட்டும் நான் லேசாகத் தள்ளமாட்டேன். லெட்ரோசோல், அனஸ்ட்ரோசோல் என்ற ஹார்மோன் மாத்திரைகள் இரண்டும் மூட்டுவலி தரும், எலும்பை மெலியவைக்கும். காலையில் கட்டிலைவிட்டு எழவே அரைமணி ஆகிறது என்பவரிடம் "பொறுத்துக்கோங்க" என்பது வைத்தியம் ஆகாது. இன்னொரு ஹார்மோன் மாத்திரையான டாமாக்சிஃபென் எலும்பைக் கெடுக்காது. ஆனால் ரத்தம் உறையவைக்கலாம், அரிதாகக் கருப்பையில் புற்று வரலாம். காலில் ரத்தக்கட்டோ பக்கவாதமோ வந்தவருக்கு லெட்ரோசோல் அல்லது அனஸ்ட்ரோசோல், எலும்பு ஏற்கெனவே நொறுங்கியவருக்கு டாமாக்சிஃபென் என்று பார்த்துக் கொடுக்கலாம். ஒன்று ஒத்துக்கொள்ளாவிட்டால் இன்னொன்றுக்கு மாற்றலாம். யாருக்கும் சொல்லாமல் மாத்திரையை நிறுத்திவிடுவதுதான் கெடுதல். ஐந்து வருட டாமாக்சிஃபென், ஏற்பி உள்ள வகையில் மார்பகப் புற்றால் வரும் மரணத்தை மூன்றில் ஒரு பங்கு குறைக்கிறது.

கடைசியாக, "அவங்ககிட்ட சொல்லிடாதீங்க டாக்டர்." இதற்கு மறுப்பே தேவையில்லை, கட்டி அவருடையது, மிச்ச ஆயுளும் அவருடையது. எல்லாம் கேட்டுவிட்டு "எனக்கு வேண்டாம்ப்பா" என்று அவரே சொன்னால் அதற்குக் கட்டுப்படுங்கள்.

அடுத்த ஓ.பி.க்குப் போகும்போது அம்மாவை வராந்தா பெஞ்சில் விட்டுவிட்டு உள்ளே போகாதீர்கள். அவரைப் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டு டாக்டரிடம் கேளுங்கள்: ஹார்மோன் ஏற்பி ரிப்போர்ட் என்ன, எதை விட்டால் எவ்வளவு நஷ்டம், எதைச் செய்தால் எவ்வளவு லாபம்.