நாயோடு முதுமலைக்கு... எங்கே தங்குவது?

‘தென்னந்தோப்புக் காவலுக்கு நான்கு வருடங்களாக ஒரு ராஜபாளையம் நாய் இருக்கிறது. வேறு யார் கையாலும் சாப்பிடாது. குடும்பத்தோடு மூன்று நாள் முதுமலை போகிறோம். நாயையும் சேர்த்துத் தங்க அங்கே இடம் கிடைக்குமா?’

- வாசகர் ஒருவர், பொள்ளாச்சி.

இடம் கிடைக்கும். ஆனால், பூங்காவை ஒட்டி அல்ல. காட்டுக்குள் இருக்கும் வனத்துறை விடுதிகளை மறந்துவிட வேண்டியதுதான். சஃபாரி வண்டியிலும் நாய்க்கு இடமில்லை. மசினகுடி பக்கத்தில் தனியார் விடுதிகள் உண்டு. அது யானை வழித்தடப் பகுதி. அந்த வழித்தடத்தை 2020-ல் உச்ச நீதிமன்றமும் உறுதிசெய்துவிட்டது. ஆகவே, உரிமம் உள்ள விடுதிதானா என்று கேட்காமல் முன்பணம் கட்டக் கூடாது.

இதைவிட நல்லது, ஊட்டியிலோ கூடலூரிலோ ஊருக்குள் தங்கி, பகலில் காட்டுக்குப் போய் வருவது. ‘நாய்க்கு அனுமதி உண்டா’ என்று மட்டும் கேட்டால் போதாது. ‘உண்டு’ என்பார்கள், போன பிறகு, வாசலில் கட்டிப்போடச் சொல்வார்கள். நீலகிரியில் வாசலில் கட்டிய நாய், சிறுத்தைக்கு வைத்த விருந்து. தோப்பில் நரியை விரட்டிய தைரியமெல்லாம் அங்கே செல்லாது. இரவில் அறைக்குள்ளேயே வைத்துக்கொள்ளலாமா, சுற்றுவேலி இருக்கிறதா, வீட்டார் சஃபாரி போகும்போது நாயை அறையில் தனியாக விடலாமா என்று கேட்டு, பதிலை எழுத்தில் வாங்கிக்கொள்ள வேண்டும். பெரும்பாலும் தனியாக விட ஒப்புக்கொள்ள மாட்டார்கள். வீட்டில் ஒருவர் நாயோடு இருந்துவிட வேண்டியதுதான்.

தடுப்பூசி விஷயத்தில் மட்டும் சமாதானம் வேண்டாம். வெறிநோய்க்கு ஆண்டுதோறும் போடுகிற விவசாயிகள்கூட, ‘டிஸ்டெம்பர்’ தடுப்பூசியை விட்டுவிடுகிறார்கள். நாயிடமிருந்து செந்நாய், சிறுத்தை, புலி வரை தொற்றக்கூடிய நோய் அது. 2018-ல் குஜராத்தின் கிர் காட்டில் சில வாரங்களில் 20-க்கும் மேற்பட்ட சிங்கங்கள் இறந்தன. இறந்தவற்றில் இந்த வைரஸ் கண்டறியப்பட்டது. ஊசி போட்ட மறுநாளே எதிர்ப்புச் சக்தி வந்துவிடாது. பயணத்துக்கு ஒரு மாதம் முன்பே கால்நடை மருத்துவரிடம் போட்டு, அந்த அட்டையைக் கையோடு கொண்டுபோக வேண்டும்.

நீலகிரிக்குள் நுழைய இ-பாஸ் எடுக்க வேண்டும். முதுமலை வழியே பந்திப்பூர் செல்லும் சாலையில் இரவு 9 மணி முதல் காலை 6 மணி வரை போக்குவரத்துத் தடை உண்டு. காட்டுச் சாலையில், நாய் சிறுநீர் கழிக்க வேண்டும் என்று வண்டியை நிறுத்தி இறக்கக் கூடாது. மலை ஏறும் முன் நாய்க்கு வயிறு நிறையச் சாப்பாடு போட்டால், கொண்டை ஊசி வளைவுகளில் வாந்தி எடுத்துவிடும்.

ஊர் திரும்பியதும் காது மடல், கால் விரல் இடுக்கு, வால் அடியில் உண்ணி இருக்கிறதா என்று பார்த்து எடுத்துவிட்டு, அதன் பிறகே மாட்டுக் கொட்டகைப் பக்கம் விட வேண்டும்.