பொறியியல் பாடநூல்களும் திறந்த உரிமமும்: எங்கள் நிலைப்பாடு

பொறியியல் கல்லூரி, பாலிடெக்னிக் ஆசிரியர்களின் அமைப்பு என்ற முறையில் இதை வெளியிடுகிறோம். அரசுப் பணத்தில் எழுதப்படும் ஒவ்வொரு தொழில்நுட்பப் பாடநூலும் திறந்த உரிமத்தில் வெளிவர வேண்டும். பிடிஎஃப் இலவசமாகக் கிடைத்தால் போதாதா என்று கேட்கிறார்கள். போதாது.

'ஆபரேட்டிங் சிஸ்டம்ஸ்: த்ரீ ஈஸி பீசஸ்' நூலை யாரும் அத்தியாயம் அத்தியாயமாக இறக்கிக்கொள்ளலாம். அருமையான நூல், வகுப்பில் நாங்களே பரிந்துரைக்கிறோம். ஆனால் பதிப்புரிமை ஆசிரியர்களிடம் இருக்கிறது. அவர்களைக் கேட்காமல் தமிழாக்கி வெளியிட முடியாது. ஜிம் ஹெஃபரானின் 'லீனியர் அல்ஜீப்ரா' அப்படியல்ல, அது திறந்த உரிமத்தில் வந்த நூல். பயிற்சிக் கணக்குகளுக்கு விடைகளும் உண்டு, நூலின் லேடெக் மூலக்கோப்பும் உண்டு. நம் பாடத்திட்டத்தில் இல்லாத பகுதியை நீக்கி, பழைய செமஸ்டர் வினாக்களைச் சேர்த்து, அதே உரிமத்தில் வெளியிடலாம்.

திறந்த உரிமத்திலும் வகை உண்டு. ரைஸ் பல்கலைக்கழகத்தின் ஓப்பன்ஸ்டாக்ஸ் 2016இல் வெளியிட்ட 'யுனிவர்சிட்டி பிசிக்ஸ்' நூலை, மூலத்தின் பெயரைக் குறிப்பிட்டுவிட்டு, கல்லூரி வாசல் ஜெராக்ஸ் கடைக்காரர்கூட அச்சடித்து விற்கலாம். அதே ஆண்டு வந்த அவர்களுடைய 'கால்குலஸ்' நூலுக்கு வணிகத் தடை இருக்கிறது. இந்தத் தடையை நாங்கள் ஏற்கவில்லை. சிற்றூர் அச்சகம் நாலு காசு பார்த்தால்தானே புத்தகம் அந்த ஊர் மாணவர் கைக்குப் போய்ச் சேரும்?

டெலிகிராமில் உலவும் ஸ்கேன் நகல்களை ஆதரிக்கவில்லை. அதற்காக மாணவர்களைக் குற்றவாளிகளாக்கவும் மாட்டோம். வகுப்பு முழுமைக்கும் நூலகத்தில் நாலைந்து பிரதிகள் இருந்தால் அவர்கள் வேறென்ன செய்வார்கள்? டெல்லிப் பல்கலைக்கழக ஜெராக்ஸ் கடைமீது வழக்குப் போட்ட பதிப்பகங்கள் 2017இல் அதைத் திரும்பப் பெற்றது நிம்மதிதான். ஆனால் நகலெடுக்கக் கிடைத்த அந்த வழி, நூலைத் திருத்தவோ மொழிபெயர்க்கவோ உதவாது.

தமிழ்வழி மாணவருக்குத் தேவையே அதுதான். அண்ணா பல்கலைக்கழகம் சிவில், மெக்கானிக்கல் பிரிவுகளைத் தமிழ்வழியில் 2010இல் தொடங்கியது. அவர்களுக்கான நூல்களை ஒவ்வொன்றாக முதலிலிருந்து எழுதிக்கொண்டிருக்க வேண்டியதில்லை. உரிமம் இடம்கொடுக்கும் நல்ல நூல்களை மொழிபெயர்க்கலாம். கணியம் இதழில் எழுதுவோர் தன்னார்வத்திலேயே கணினி நூல்களைத் திறந்த உரிமத்தில் தருகிறார்கள். அரசுக்கு என்ன தடை?

பல்கலைக்கழகப் பாடத்திட்டக் குழுக்கள் ஒவ்வொரு பாடத்தின் நூற்பட்டியலிலும் ஒரு திறந்த உரிம நூலையாவது சேர்க்க வேண்டும். நூல் எழுதும் ஆசிரியரின் உழைப்பைப் பதவி உயர்வில் கணக்கில் எடுக்க வேண்டும். உறுப்பினர்களிடம் ஒரு வேண்டுகோள்: நீங்கள் தயாரிக்கும் பாடக்குறிப்பின் முதல் பக்கத்திலேயே உரிமத்தை எழுதிவிடுங்கள்.