தராசோடு நிற்காமல் நாடாவையும் எடுப்போம்

பாண்டிருப்பிலும் மருதமுனையிலும் கல்முனையிலும் ஒரு பெண் கர்ப்பிணியாகக் கிளினிக்குக்கு வரும் முதல் நாளிலேயே அவரது உடற்திணிவுச் சுட்டி அட்டையில் ஏறிவிடுகிறது. முப்பத்தைந்து வயதில் சுகவனிதையர் கிளினிக்குக்கு வரும்போதும் அதே கணக்குத்தான். நிறையை உயரத்தின் வர்க்கத்தால் வகுத்தால் போதும். செலவில்லை, நேரமும் பிடிக்காது. கூட்டம் நிறைந்த கிளினிக்கில் இது பெரிய வசதி. ஆனால் விடை 25க்குக் கீழே வந்துவிட்டால் "உங்களுக்கு ஒன்றுமில்லை, போய் வாருங்கள்" என்று அனுப்பிவைக்கும் பழக்கமும் இந்த வசதியோடு சேர்ந்தே வளர்ந்துவிட்டது. அதைக் கைவிட வேண்டும்.

இச்சூத்திரத்தை 1830களில் தந்த பெல்ஜிய நாட்டுப் புள்ளிவிவரவியலாளர் குவெட்லே, நோயாளிகளைப் பார்த்தவர் அல்லர்; சராசரி மனிதனின் அளவுகளைத் தேடியவர். 1972இல் அதற்கு இன்றைய பெயரைச் சூட்டிய ஆன்செல் கீஸ் குழுவினர் ஏழாயிரத்துக்கும் மேற்பட்டவர்களை அளந்தார்கள். அத்தனை பேரும் ஆண்கள். ஒரே சுட்டியுள்ள ஆணையும் பெண்ணையும் ஒப்பிட்டால், பெண்ணின் உடலில் கொழுப்பின் பங்கு கூடுதல் என்பது நாம் அறிந்ததே. அந்தக் கொழுப்பு தொடையில் இருக்கிறதா, குடலைச் சுற்றி இருக்கிறதா என்பதைச் சுட்டி சொல்லாது.

தெற்காசியர் விடயத்தில் இக்குறை இன்னும் பெரிது. புனேயைச் சேர்ந்த யாஜ்னிக், லண்டனைச் சேர்ந்த யுட்கின் என்ற இரு மருத்துவர்கள் 2004இல் தங்கள் உடல் அளவுகளையே லான்செட் இதழில் வெளியிட்டார்கள். இருவருக்கும் சுட்டி 22.3. யுட்கினின் உடலில் கொழுப்பு 9.1 சதவீதம், யாஜ்னிக்கின் உடலில் 21.2 சதவீதம். உலக சுகாதார நிறுவனத்தின் நிபுணர் குழு அதே ஆண்டில் ஆசியருக்கு 23, 27.5 ஆகியவற்றையும் நடவடிக்கைப் புள்ளிகளாகச் சேர்த்ததற்கு இத்தகைய சான்றுகளே காரணம். தெற்காசியப் பெண்ணுக்கு இடுப்புச் சுற்றளவு 80 சென்ரிமீற்றரை எட்டினாலே எச்சரிக்கை என்பது சர்வதேச நீரிழிவுச் சம்மேளனத்தின் அளவுகோல்.

பெண்ணின் வாழ்க்கைக் கட்டங்கள் மாறும்போது இந்த எண்ணின் பொருளும் மாறுகிறது. முதல் பதிவுக்கே பிந்தி வரும் தாயின் நிறையில் குழந்தையும் பனிக்குட நீரும் கூடிய குருதியும் அடங்கியிருக்கும். அதை வைத்துச் சுட்டி கணிப்பதில் பயனில்லை. மெலிந்த தாய்க்கும் கர்ப்பகால நீரிழிவு வரும். எல்லாத் தாய்மாருக்கும் குளுக்கோஸ் பரிசோதனை செய்கிறோம் என்றால் அதற்காகத்தான். பி.சி.ஓ.எஸ். உள்ள மெலிந்த யுவதியைத் தராசு காட்டிக்கொடுக்காது. மாதவிடாய் நின்ற பின் தசை குறைந்து வயிற்றில் கொழுப்பு சேரும். தராசு முள் அசையாமலே இதெல்லாம் நடந்துவிடும். சுட்டி 30ஐத் தாண்டிய பெண்ணுக்கும் ஈமோகுளோபின் குறைந்திருக்கலாம். பருமனானவருக்குக் குருதிச்சோகை இராது என்ற எண்ணம் சனங்களிடம் மட்டும் இருப்பதில்லை.

அளக்கும் முறையும் கவனிக்க வேண்டியது. 58 கிலோ நிறையும் 150 சென்ரிமீற்றர் உயரமும் உள்ளவருக்குச் சுட்டி 25.8. முக்காட்டுக்குள் இருக்கும் கொண்டையைத் தளர்த்தாமல் அளந்து 153 என்று எழுதிவிட்டால் அது 24.8 ஆகிவிடும்; அதிக நிறைக்காரர் ஒருவர் அந்த இடத்திலேயே சாதாரணமானவர் ஆகிவிடுவார். இடுப்பை அபாயாவுக்கு மேலாகவோ சேலை மடிப்புக்கு மேலாகவோ அளப்பதும் வீண்வேலை. மறைவான இடமும் அளப்பதற்குப் பெண் உத்தியோகத்தரும் வேண்டும். கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்பின் மேல்விளிம்புக்கும் நடுவே நாடாவைச் சுற்றி, அவர் இயல்பாக மூச்சை விட்ட பின் அளவைப் படிக்க வேண்டும்.

பருமனை உறுதிசெய்யச் சுட்டி மட்டும் போதாது, இடுப்பளவு போன்ற இன்னொரு அளவும் தேவை என்று 2025 ஜனவரியில் லான்செட் ஆணைக்குழுவும் சொல்லிவிட்டது. சுட்டியைத் தூக்கியெறியச் சொல்லவில்லை. பெருந்தொகையானோரின் போக்கை அறியவும், மெலிந்த தாயை அடையாளம் கண்டு திரிபோஷ கொடுக்கவும் அது இன்றும் உதவுகிறது. எதிரே இருக்கும் ஒரு பெண்ணைப் பற்றித் தீர்ப்புச் சொல்ல மட்டும் அது போதாது.

வைத்திய அதிகாரிகளையும் குடும்பநல உத்தியோகத்தர்களையும் நாம் கேட்பது இவ்வளவே. சுட்டிக்குப் பக்கத்தில் இடுப்பளவையும் எழுதுங்கள். கர்ப்பத்தில் சீனி இருந்ததா, தாய் தகப்பனுக்கு நீரிழிவு உண்டா, மாதவிடாய் ஒழுங்காக வருகிறதா என்று கேளுங்கள். கர்ப்பகால நீரிழிவு இருந்தவர் மெலிந்துவிட்டாலும் பிரசவத்தின் பின் ஆறாம் வாரப் பரிசோதனையைத் தவறவிடாதீர்கள். நிறையைப் பலர் காதில் விழச் சத்தமாக வாசிக்காதீர்கள். ஒருமுறை வெட்கப்பட்டுப் போனவர் அடுத்த கிளினிக்குக்கு வரமாட்டார்.