ஞாயிற்றுக்கிழமை வண்டிக்கும் ஒரு பம்ப்

பெறுநர்: செயலாளர், மத்திய பெட்ரோலியம் மற்றும் இயற்கை எரிவாயு அமைச்சகம், புது தில்லி.

மதிப்பிற்குரிய செயலாளர் அவர்களுக்கு,

20 சதவீத எத்தனால் கலந்த இ20 பெட்ரோலைப் பிரதமர் தொடங்கிவைத்தது எங்கள் பெங்களூரில்தான், 2023 பிப்ரவரி 6 அன்று. அப்போது நாடு முழுக்க 84 பங்க்குகளில்தான் கிடைத்தது. இன்று பிரேசர் டவுனில் எந்த பங்க்குக்குப் போனாலும் சாதா பெட்ரோல் என்றால் அதுதான். 2030-க்கு வைத்திருந்த இலக்கை 2025-26-க்கு இழுத்து வந்து முடித்தும் காட்டினீர்கள். அந்த வேகத்தைக் குறை சொல்ல இந்த மடல் எழுதவில்லை. அந்த வேகத்தில் தவறிப்போன ஒரு வாக்குறுதியை நினைவூட்டவே எழுதுகிறேன்.

தினமும் ஆபீஸ் போகும் ஸ்கூட்டரைப் பற்றி எனக்கு வழக்கில்லை. மாஸ்க் ரோடு, கோல்ஸ் பார்க் பக்கத்துச் சந்துகளில் தார்ப்பாய்க்கு அடியில் நிற்கும் வண்டிகளைப் பற்றியே சொல்கிறேன்: யெஸ்டி ரோட்கிங், ஆர்எக்ஸ் 100, பழைய புல்லட். யெஸ்டி மைசூர்ப் பிள்ளை. அதைச் செய்த ஐடியல் ஜாவா ஆலை 1996-ல் மூடிவிட்டது. வாரம் முழுக்கச் சும்மா நின்று, ஞாயிறு விடியற்காலை ஒரு ஓட்டம் போய்வந்து, மறுபடி நிற்கும் வண்டிகள் இவை. பூங்காவில் புல் வெட்டும் மெஷினுக்கும் மின்தடைக்கு வாங்கிய சின்ன ஜெனரேட்டருக்கும் இதே பிழைப்புதான். எங்கள் பக்கத்து மெக்கானிக் ஒரே வரியில் சொல்வார்: "தினம் ஓடுற வண்டிக்கு ஒண்ணும் ஆகாது சார். ஞாயித்துக்கிழமை வண்டிக்குத்தான் வைத்தியம் பாக்கணும்."

அவர் சொல்வதில் விஷயம் இருக்கிறது. பெட்ரோலோடு ஒப்பிட்டால் எத்தனாலின் எரிசக்தி லிட்டருக்கு மூன்றில் ஒரு பங்கு குறைவு. ஆனால் அதற்குள்ளேயே ஆக்சிஜன் உண்டு. புது வண்டியில் சென்சார் அதைக் கண்டு கூடுதல் பெட்ரோல் விடும். கார்புரேட்டரில் இருப்பதோ பித்தளை ஜெட்டில் ஒரு துளை. அது தானாகப் பெரிதாகாது. கலவை எரிபொருள் குறைந்து லீன் ஆகிறது, இன்ஜின் சூடேறுகிறது. டூ ஸ்ட்ரோக்கில் அந்தச் சூடு எல்லை மீறினால் பிஸ்டன் ஜாம். ஒரு சைஸ் பெரிய ஜெட், நீடில் கிளிப் ஒரு படி மாற்றம் என்று மெக்கானிக் சரிசெய்துவிடுவார். ஓடாமல் நிற்கும் வண்டிக்கு வரும் கேடு வேறு. ஃப்ளோட் கிண்ணத்தைக் கழற்றினால் அடியில் வெள்ளைப் பொடி படிந்திருக்கும். ஓ-ரிங் உப்பி, விரலால் அழுத்தினால் பிசுபிசுக்கும்.

தண்ணீர் பயம் மட்டும் கொஞ்சம் மிகை என்பேன். எத்தனால் தண்ணீரை இழுக்கும் என்பது வீட்டிலேயே பார்க்கக்கூடியதுதான். அளவுக் குழாயில் 10 மி.லி. தண்ணீரும் 90 மி.லி. இ20-யும் விட்டுக் குலுக்கி வைத்தால், கீழடுக்கு 28 வாக்கில் வந்து நிற்கும்; எத்தனால் தண்ணீரோடு சேர்ந்து இறங்கிவிடும். ஆனால் அடுக்கு பிரியாமல் தாங்கும் தண்ணீரின் அளவு 10 சதவீதம் கலந்த இ10-ஐ விட இ20-க்கு அதிகம். மூடி கசியும் பழைய டேங்க், மழையில் நனையும் வண்டி என்றால்தான் ஆபத்து. பிரிந்த கீழடுக்கில், டூ ஸ்ட்ரோக்குக்குப் பெட்ரோலோடு கலக்கும் 2டி ஆயில் இருக்காது; பெட்ரோல் டேப்பை ரிசர்வில் போட்டால் உறிஞ்சுவதோ அதைத்தான்.

நன்மையையும் மறைக்கவில்லை. ஆக்டேன் கூடியிருக்கிறது, புகையில் கார்பன் மோனாக்சைடு குறைகிறது, அந்நியச் செலாவணி மிச்சம். மண்டியா கரும்புக்கும் மக்காச்சோளத்துக்கும் இன்னொரு வாசல் திறந்திருக்கிறது. ஆனால் 2025 ஆகஸ்டில் உங்கள் அமைச்சகம் தந்த விளக்கம் எங்களுக்குப் பொருந்தவில்லை. சில பழைய வண்டிகளில் 20,000 முதல் 30,000 கிலோமீட்டர் ஓடிய பின் ரப்பர் பாகங்கள், கேஸ்கெட்டுகளை மாற்ற வேண்டியிருக்கலாம் என்றீர்கள். வாரம் 50 கிலோமீட்டர் ஓடும் வண்டி 20,000-ஐத் தொட ஏறக்குறைய 8 ஆண்டுகள் ஆகும். ரப்பர் ஓட்டத்தில் மட்டுமா கெடுகிறது? ஊறியும் கெடுகிறது. இந்த வண்டிகளுக்குக் கணக்கை மாதத்தில் சொல்லுங்கள்.

2021-ல் நிதி ஆயோக் வெளியிட்ட வழிகாட்டி அறிக்கையில், பழைய வண்டிகளுக்காக இ10 தொடர்ந்து கிடைக்க வேண்டும் என்று இருக்கிறது. மைலேஜ் இழப்பை ஈடுகட்ட வரிச் சலுகையும் பேசப்பட்டது. எத்தனால் பெட்ரோலை விட விலை அதிகம் என்று 2025-ல் பதில் சொன்னீர்கள். சரி, அதைப் பிறகு பார்ப்போம். இ10 எங்கே போனது? எத்தனால் கலக்காத பெட்ரோல் கேட்ட பொதுநல மனுவை உச்ச நீதிமன்றம் 2025 செப்டம்பர் 1 அன்று தள்ளுபடி செய்தது. நான் அதைக் கேட்கவில்லை, உங்கள் அறிக்கையில் இருந்ததைத்தான் கேட்கிறேன். 100 ஆக்டேன் போடலாமே என்பார்கள். சாதா பெட்ரோலை விட விலை மிக அதிகம். ரிட்டயர்டு ஆளின் யெஸ்டிக்கு அது கட்டுப்படியாகாது.

பிரேசிலில் 30 சதவீதம் கலக்கிறார்கள் என்பது உண்மை. அங்கே பெட்ரோல், எத்தனால் இரண்டிலும் எந்தக் கலவையிலும் ஓடும்படி செய்த கார்கள் 2003 முதல் ஓடுகின்றன. அமெரிக்காவில் 15 சதவீதம் கலந்ததை மோட்டார் சைக்கிளிலும் படகிலும் புல்வெட்டியிலும் ஊற்றுவதே சட்டப்படி தடை. பம்பிலேயே அப்படி எழுதி ஒட்டியிருப்பார்கள். பிரிட்டன் 2021 செப்டம்பரில் இ10-க்கு மாறியபோது, பழைய வண்டிகளுக்காக சூப்பர் ரகத்தில் இ5-ஐ விட்டுவைத்தது.

எனவே, வட்டாரத்துக்கு ஒரு பங்க்கில் ஒரு பம்ப்பையாவது இ10-க்கு ஒதுக்குங்கள். உற்பத்தி நின்றுபோன மாடல்களுக்கு எந்த ரப்பர், எந்த ஜெட் சைஸ் என்று சோதித்துப் பட்டியல் போடுங்கள். மூடிப்போன ஆலையிடம் போய் நாங்கள் கேட்க முடியாது. இவற்றுக்கெல்லாம் டேங்கரும் பட்ஜெட்டும் நாளும் வேண்டும் என்றால், காசில்லாத வேலை ஒன்று இருக்கிறது: ஒவ்வொரு பம்ப்பிலும் எத்தனால் எத்தனை சதவீதம் என்று கன்னடத்திலும் தமிழிலும் பெரிதாக எழுதி ஒட்டச் சொல்லுங்கள். அதை இந்த மாதமே செய்யலாம்.

இப்படிக்கு,
ஒரு யெஸ்டிக்காரன்
பிரேசர் டவுன், பெங்களூர்