வலவன் கண்ட காலம்

சென்ற கிழமை என் பழைய மாணாக்கர் ஒருவர் கல்லூரிக்கு வந்திருந்தார். பேச்சினிடையே, "ஐயா, முப்பது வருடமாக அதே சூத்திரங்களைப் படிப்பித்து வருகிறீர்களே, உங்களுக்குப் பொழுது எப்படிப் போகிறது?" என்று கேட்டார். நகையாடிக் கேட்டவரல்லர், மெய்யாகவே அறிய விரும்பினார். நான் உடனே விடையிறுக்கவில்லை. அவர் போனபின் என் நினைவு, நான் நேரிற் கண்டறியாத ஓர் அமெரிக்க விமானவோட்டியிடம் சென்றது. ஒரே தொழிலை வாழ்நாள் முழுதும் திரும்பத் திரும்பச் செய்வோர்க்குக் காலம் எவ்வாறு கழிகின்றது என்பதற்கு அவரினும் சிறந்த சான்று எனக்குத் தெரியவில்லை.

செஸ்லி சலன்பேர்கர் என்பவர் 1951இல் டெக்சாஸ் மாநிலத்திற் பிறந்தவர். பதினாறாம் வயதில், புல்தரை ஓடுபாதையொன்றிலே விமானமோட்டப் பழகினார். பின்னர் விமானப்படையிற் பணியாற்றி, 1980 முதல் பயணிகள் விமானங்களைச் செலுத்திவந்தார். 2009 தை மாதம் வரையில் அவர் வானத்திலே கழித்த பொழுது ஏறத்தாழ 20,000 மணி. வகுத்துப் பார்த்தேன்: இரவு பகல் இடைவிடாது பறந்தாலும் அது இரண்டேகால் ஆண்டுதான்.

அவ்விரண்டேகால் ஆண்டின் இயல்பு யாது? விமானம் மேலெழும்போதும் கீழிறங்கும்போதும் சில நிமிடங்கள் கையும் கண்ணும் ஓயா. இடைப்பட்ட நெடும்பொழுதில் தானியங்கிப் பொறியே விமானத்தை நடத்தும். ஓட்டுநர் கருவி முகப்புகளைப் பார்த்தபடி இருப்பார். கடல்மேல் செல்லும் இரவில் ஒரு மணி ஒரு யாமமாய் நீளும். கிழக்கே பறந்தாற் பகல் குறுகும். மேற்கே பறந்தாற் பகல் நீளும். விமானவோட்டிகள் உலகெங்கும் பொதுவான ஒரே நேரத்தைக் கொண்டு கணக்குவைப்பர். உடலோ தன் ஊரின் நேரத்தையே சாதிக்கும். பொழுது இவ்வாறு ஊர்ந்து செல்ல, ஆண்டுகள் மட்டும் ஓடி மறையும். ஒரு பயணம் மற்றொன்றைப் போன்றிருத்தலின், நினைவு அவற்றையெல்லாம் ஒரே கட்டாகக் கட்டி வைத்துவிடுகிறது. நாழிகை நீளும், ஆண்டு குறுகும். ஆசிரியர்க்கும் இஃது அறியாத அநுபவமன்று.

2009 தை 15ஆம் நாள் பிற்பகல், நியூயோர்க்கின் லாகார்டியா விமானநிலையத்திலிருந்து 155 பேருடன் அவர் விமானம் கிளம்பிற்று. மூவாயிரம் அடியை எட்டுமுன் வாத்துக் கூட்டமொன்று மோத, இரண்டு இயந்திரங்களும் வலுவிழந்தன. அக்கணத்திலிருந்து ஹட்சன் ஆற்று நீரில் விமானம் இறங்கும்வரை கழிந்தது ஏறத்தாழ 210 செக்கன். நம் பழைய கணக்கில் ஒரு நாழிகை 24 நிமிடம். அதன் அறுபதிலொன்றாகிய விநாடி 24 செக்கன். ஆகவே ஒன்பது விநாடியும் நிறையவில்லை. அதற்குள் 155 உயிரும் பிழைத்தன.

நம் இலக்கணகாரர் எழுத்தொலியின் அளவாகிய மாத்திரையைக் கண்ணிமைப்பாலும் கைந்நொடியாலும் அளந்தனர். நன்னூலார் அங்கே இயல்பான மாந்தர் என்று ஒரு வரையறையும் வைத்தார். இதனை நான் ஆண்டுதோறும் விளக்கியிருக்கிறேன். ஆயினும் அதன் ஆழம் இந்நிகழ்ச்சியைப் படித்த பின்னரே எனக்குப் புலப்பட்டது. அச்சமுற்றவனுடைய இமைப்பு அளவாகாது. அவனுக்குக் காலம் ஒன்று உறைந்து நிற்கும், அல்லது கைநழுவி ஓடும். ஆபத்திலும் இமைப்பின் இயல்பு கெடாதிருக்க வேண்டுமானால், அதற்கு நீண்ட காலப் பயிற்சி வேண்டும்.

அன்று அது வேண்டியிருந்தது. இயந்திரங்கள் நின்றாற் செய்யவேண்டிய முறைகளை வரிசைப்படுத்திய ஏடு, 20,000 அடிக்கு மேலே பறப்போர்க்கென எழுதப்பட்டது. அதில் மூன்றிலொரு பங்களவே அவர்களாற் செய்ய முடிந்தது. பின்னர் விசாரணையாளர் பயிற்சிப்பொறியிற் சோதித்தபோது, மோதியவுடனே திரும்பினால் விமானநிலையத்தை அடையக்கூடும் எனச் சில சோதனைகள் காட்டின. ஆனால், நேர்ந்ததை உணர்ந்து முடிவெடுக்க மனிதனுக்கு வேண்டிய 35 செக்கனைச் சேர்த்தபோது அது கைகூடவில்லை. மனிதன் சிந்திக்கும் பொழுதைக் கணக்கில் விட்டுவிட்டு அவன் செயலுக்குத் தீர்ப்புக் கூறுவது எத்துணைப் பிழை!

நாற்பத்திரண்டு ஆண்டாகச் சிறுகச் சிறுகச் சேர்த்துவைத்த அநுபவத்தை அன்று ஒருங்கே எடுத்துச் செலவிட்டதாகச் சலன்பேர்கர் பின்னர்க் கூறினார். வெறுமையெனத் தோன்றிய மணிகள் வெறுமையானவையல்ல என்பதே இதன் பொருள்.

இங்கு ஒரு தடை எழலாம். வெறுமனே திரும்பச் செய்வதெல்லாம் பயிற்சியாகுமோ? ஆகாது. உடனிருந்த துணையோட்டி ஜெப்ரி ஸ்கைல்ஸ் 15,000 மணிக்கு மேற் பறந்தவராயினும், அவ்வகை விமானத்தில் 37 மணியே பழகியவர். அப்பொழுதுதான் அவ்விமானத்துக்குரிய பாடத்தைக் கற்று வந்திருந்தார். பழைய அநுபவத்தோடு புதிதாய்க் கற்ற பாடமும் அருகிருந்தது. விமானவோட்டிகள் எத்தனை ஆண்டு அநுபவமுடையோராயினும், காலத்துக்குக் காலம் மீண்டும் மாணவராய் அமர்ந்து சோதனைக்கு உட்படுகின்றனர். விழிப்போடு கழித்த மணியே சேமிப்பாகும். உறங்கிக் கழித்த மணி ஏட்டில் எண்ணாக மட்டும் நிற்கும்.

வலவன் செலுத்தாத வானவூர்தியைப் பற்றிப் புறநானூறு பேசும். அது புலவர் பாடும் புகழோடு தம் செய்வினை முடித்து விண்புகுவோர்க்குரியது. உயிரோடிருப்போரைச் சுமக்கும் ஊர்திக்கு வலவன் வேண்டும். இன்றோ, பெரும்பொழுது பொறியே ஓட்டுவதால், இருவருக்குப் பதில் ஒருவரே போதும் என வாதிடுவோர் உளர். அவர்கள் 20,000 மணியைப் பார்க்கின்றனர். ஒன்பது விநாடியைப் பார்க்கின்றிலர். பள்ளிக்கூடத்தில் இலக்கணப் பாடத்தைச் சுருக்குக, மனனத்தை விடுக எனக் கூறுவோரையும் நான் இவ்வாறே காண்கிறேன்.

அந்நாளில் சலன்பேர்கருக்கு ஐம்பத்தேழு வயது. எனக்கும் இன்று அதே வயது. இளைப்பாற இன்னும் மூன்றாண்டு உண்டு. என் முப்பது ஆண்டுகளில் உறக்கத்திற் படிப்பித்த ஆண்டுகள் சில இருந்தன என்பதை ஒப்புக்கொள்கிறேன். அவை எனக்கும் என் மாணவர்க்கும் நட்டம். எஞ்சியவை வீண்போகவில்லை என்றே நம்புகிறேன். எந்த மாணவனுக்கு, எந்த நாளில், அவனுடைய ஒன்பது விநாடி வரும் என்பது எனக்குத் தெரியாது. அந்த மாணாக்கர் மறுபடி வந்தால் இதையே சொல்வேன். நாளை முதற்பாடவேளையில் எழுத்ததிகாரம். மாத்திரைச் சூத்திரத்தை இம்முறை சற்று நின்று படிப்பிக்க எண்ணியிருக்கிறேன்.