ஏழரை சென்ட் பாட்டை ஏன் பாடுவதில்லை?

பிராட்வே என்பது நியூயார்க் நகரில் ஒரு தெருவின் பெயர். அந்தத் தெருவிலும், அதைவிட அதிகமாக அதன் குறுக்குத் தெருக்களிலும், ஐந்நூறு இருக்கைகளும் அதற்கு மேலும் கொண்ட 41 நாடகக் கொட்டகைகள் இருக்கின்றன. இசை நாடகத்துக்கு உலகப் பெயர் பெற்ற இடம் அது. வாரத்துக்கு எட்டு ஆட்டம் என்பது அங்கே வழக்கம். 1988 ஜனவரியில் தொடங்கிய 'தி ஃபாண்டம் ஆஃப் தி ஆப்பரா' என்ற நாடகம் 2023 ஏப்ரலில் முடிவதற்குள் 13,981 முறை நடந்தது என்றால், அந்தத் தெருவின் வியாபாரம் எப்படிப்பட்டது என்பதை ஊகித்துக் கொள்ளலாம்.

அந்த மேடைகளில் பாடிப் பெயரெடுத்தவர்கள் நாலைந்து பேர் ஒன்று சேர்ந்து, வேஷமில்லாமல், காட்சித் திரை இல்லாமல், நாடகப் பாட்டுகளை மட்டும் பொறுக்கி எடுத்துக்கொண்டு ஊர் ஊராகப் போய்க் கச்சேரி செய்வது இன்று தனித் தொழிலாகவே வளர்ந்துவிட்டது. அமெரிக்காவில் பெரிய நகரம் ஒவ்வொன்றிலும் வாத்தியக் குழு ஒன்று இருக்கும். மேற்கத்திய சாஸ்திரீய இசையை வாசிப்பதுதான் அதன் முக்கிய வேலை. என்றாலும் ஆண்டில் சில நாட்கள், டிக்கெட் விற்க வேண்டுமே என்பதற்காக, பிராட்வே பாட்டுக்காரர்களை வரவழைத்து 'பிராட்வே இரவு' நடத்துவார்கள். பாட்டுக்காரர்கள் விமானத்தில் வந்து இறங்குவார்கள். பெரும்பாலும் ஒரே ஓர் ஒத்திகைதான். மாலையில் கச்சேரி. மறுநாள் அடுத்த ஊர்.

இப்படிக் கச்சேரி செய்வது சரியா என்று அங்குள்ள நாடக ரசிகர்களிடையே ஒரு வழக்கு உண்டு. கதையிலிருந்து பாட்டைப் பிய்த்து எடுத்தால் அது செடியிலிருந்து கிள்ளிய பூ, சாயங்காலத்துக்குள் வாடிவிடும் என்கிறது ஒரு கட்சி. பூவைச் செடியிலேயே விட்டு வைத்தால் தோட்டக்காரனைத் தவிர யார் பார்ப்பது என்கிறது எதிர்க்கட்சி.

முதல் கட்சி சொல்வதில் நியாயம் இருக்கிறது. 'லே மிசராபில்' நாடகத்தில் 'ஐ ட்ரீம்ட் எ ட்ரீம்' என்று ஒரு பாட்டு. பிராட்வே கச்சேரி என்று போர்டு மாட்டினால் இந்தப் பாட்டுக்கு இடமில்லாமல் இருப்பது அபூர்வம். மின்னுகிற நீண்ட அங்கி அணிந்த பாடகி மேடை நடுவே வந்து நின்று, மெதுவாக எடுத்து, உச்சத்துக்குக் கொண்டுபோய் நிறுத்துவார். சபை எழுந்து நின்று கை தட்டும். ஆனால் நாடகத்தில் அதைப் பாடுகிறவள் யார்? ஃபான்டீன் என்ற ஆலைத் தொழிலாளி. எங்கோ விட்டு வைத்திருக்கும் குழந்தைக்குப் பணம் அனுப்பிக்கொண்டிருந்தவள். அந்த விஷயம் வெளியே தெரிந்து, மேஸ்திரி அவளை வேலையை விட்டுத் துரத்துகிறான். துரத்திய பின் நடுத்தெருவில் நின்று அவள் பாடும் பாட்டு அது. அடுத்த காட்சியில் அவள் கழுத்துச் சங்கிலியையும் தலைமுடியையும் விற்கிறாள். கச்சேரியில் ஆலையும் இல்லை, மேஸ்திரியும் இல்லை. ஏதோ காதல் தோல்விப் பாட்டு என்று எண்ணிக்கொண்டு சபை வீட்டுக்குப் போகிறது. இது வாடிய பூதான், சந்தேகமில்லை.

ஆனால் கச்சேரியே கூடாது என்று சொல்லிவிட முடியுமா? முடியாது. அதற்குச் சாட்சி பால் ரோப்சன்.

1927 டிசம்பரில் 'ஷோ போட்' என்ற இசை நாடகம் நியூயார்க்கில் அரங்கேறியது. அதில் 'ஓல் மேன் ரிவர்' என்று ஒரு பாட்டு. பாட்டை எழுதியவர் ஆஸ்கர் ஹாமர்ஸ்டைன், இசை ஜெரோம் கெர்ன். மிஸிஸிபி நதிக்கரையில் பருத்தி மூட்டை தூக்கும் கறுப்பர் ஒருவர் நதியைப் பார்த்துப் பாடுவதாக அமைந்தது. ரோப்சன் அதை 1928-ல் லண்டன் மேடையிலும், 1932-ல் பிராட்வேயிலும், 1936-ல் சினிமாவிலும் பாடினார். நாடகத்தில் அந்த மனிதன் சலித்துப் போனவன். இத்தனை கொடுமை நடந்தும் நதி பேசாமல் ஓடுகிறதே என்று பெருமூச்சு விடுவதோடு சரி. ரோப்சன் நாடகத்தை விட்டு வெளியே வந்து கச்சேரி மேடையில் பாடத் தொடங்கிய பிறகு சொற்களை மாற்றினார். சலிப்பு இருந்த இடத்தில் எதிர்ப்பு வந்தது. உயிர் உள்ளவரை போராடுவேன் என்ற பொருளில் பாட்டை முடித்தார். எழுதியவருக்கு இதில் உவப்பில்லை என்பார்கள். அதனால் என்ன? மூட்டை தூக்குகிறவன் என்ன நினைக்கிறான் என்பதைப் பெருமூச்சு சொன்னதைவிட இது நன்றாகவே சொன்னது.

அதற்கு ரோப்சன் கொடுத்த விலையும் சிறியதல்ல. இடதுசாரிக் கருத்துகளுக்காக 1950-ல் அமெரிக்க அரசு அவருடைய பாஸ்போர்ட்டைப் பறித்தது. 1952-ல் கனடா நாட்டுச் சுரங்கத் தொழிலாளர் சங்கம் அழைத்தபோது எல்லையைத் தாண்ட விடவில்லை. அவர் எல்லையிலேயே, அமெரிக்க மண்ணில் ஒரு லாரியின் மேல் நின்று பாடினார். இரண்டு நாட்டு மக்களும் இருபக்கமும் திரண்டு நின்று கேட்டார்கள். 1957-ல் வேல்ஸ் நாட்டுச் சுரங்கத் தொழிலாளர்களுக்குக் கடலடித் தொலைபேசிக் கம்பி வழியாகப் பாடினார். 1958-ல் பாஸ்போர்ட் திரும்பக் கிடைத்தது. 1960-ல் ஆஸ்திரேலியா சென்றபோது, சிட்னி ஆப்பரா மாளிகை கட்டி முடிவதற்கு வெகு காலம் முன்பே, சாரத்தில் நின்ற கட்டடத் தொழிலாளர்களுக்கு முன்னால் பாடினார். அந்த மாளிகையில் முதலில் பாட்டுக் கேட்டவர்கள் அதைக் கட்டியவர்கள்தாம்.

இந்தியாவுக்கும் இதில் பங்கு உண்டு. நியூயார்க்கில் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் படிக்கச் சென்ற அஸ்ஸாம் பாடகர் பூபேன் ஹஸாரிகா அங்கே ரோப்சனை அறிந்துகொண்டார். மிஸிஸிபியைப் பார்த்துக் கேட்ட கேள்வியைத் தம் ஊர் நதியைப் பார்த்து அஸ்ஸாமிய மொழியில் கேட்டார். இந்தியில் அது கங்கையைப் பார்த்துக் கேட்கும் பாட்டாக நாடெங்கும் பரவியது. ஒரு பிராட்வே பாட்டு நாடகத்தோடேயே கட்டிக் கிடந்திருந்தால் இது நடந்திருக்குமா?

ஆகவே குற்றம் கச்சேரியில் இல்லை. எந்தப் பாட்டைத் தேர்ந்தெடுக்கிறார்கள், அதை என்ன சொல்லிப் பாடுகிறார்கள் என்பதில்தான் குற்றம் இருக்கிறது. அங்கே பார்த்தால் ஒரு வேடிக்கை.

1954-ல் 'தி பஜாமா கேம்' என்ற நாடகம் வந்தது. ஆயிரத்துக்கு மேற்பட்ட ஆட்டங்கள் ஓடி, அந்த ஆண்டின் சிறந்த இசை நாடகம் என்று டோனி பரிசும் பெற்றது. கதை நடப்பது ஒரு பஜாமா தைக்கும் தொழிற்சாலையில். மணிக்கு ஏழரை சென்ட் கூலி உயர்வு கேட்டுத் தொழிலாளர்கள் நிர்வாகத்தோடு மோதுகிறார்கள். வேலையை வேண்டுமென்றே மெதுவாகச் செய்கிறார்கள். சங்கத்துக்காரிக்கும் சூப்பரின்டெண்டுக்கும் காதல் வேறு. இந்த நாடகத்திலிருந்து 'ஹே தேர்', 'ஹெர்னாண்டோஸ் ஹைட்அவே' என்று இரண்டு பாட்டுகள் ரேடியோவில் கொடிகட்டிப் பறந்தன. கச்சேரிகளிலும் அவைதாம் வரும். ஆனால் நாடகத்துக்கு உயிரான பாட்டு வேறொன்று இருக்கிறது. ஏழரை சென்ட் உயர்வு என்பது கேட்பதற்கு அற்பத் தொகை. ஐந்து ஆண்டில் அது எவ்வளவு ஆகும், பத்து ஆண்டில், இருபது ஆண்டில் எவ்வளவு, அதைக் கொண்டு என்னென்ன வாங்கலாம் என்று தொழிலாளர்கள் பென்சிலால் கணக்குப் போட்டுப் பாடுவது. பஞ்சப்படி அரியர்ஸைக் காகிதத்தில் கூட்டிப் பார்த்த எந்தக் குமாஸ்தாவுக்கும் மொழிபெயர்ப்பே வேண்டாத பாட்டு. அதைக் கச்சேரி மேடையில் கேட்பது அரிதிலும் அரிது.

அதற்கும் முன்னால், 1937-ல், 'பின்ஸ் அண்ட் நீடில்ஸ்' என்று ஒன்று நடந்தது. பெண்கள் உடை தைக்கும் தொழிலாளர் சங்கம் போட்ட நாடகம் அது. நடித்தவர்கள் துணி வெட்டுகிறவர்களும் தையல்காரர்களும். பகலில் வேலை, இரவில் ஒத்திகை. முதலில் வெள்ளி, சனி இரவுகளில் மட்டும்தான் ஆட்டம், ஏனென்றால் வேலைக்குப் போக வேண்டும். கூட்டம் தாங்காமல் பிறகு தினமும் நடத்தினார்கள். 1,108 ஆட்டங்கள்! ஹெரால்ட் ரோம் எழுதிய அந்தப் பாட்டுகளை இன்று எத்தனை பேர் கச்சேரியில் பாடுகிறார்கள்?

பாடுகிறவர்களும் தொழிலாளர்கள்தாம் என்பது இந்தக் கச்சேரிகளின் பளபளப்பில் மறைந்து போகிறது. பழைய நாளில் ஊர் ஊராகப் போகும் அமெரிக்க நாடகக் குழுக்களில் ஒத்திகைக்குச் சம்பளம் கிடையாது. வசூல் விழுந்தால் முதலாளி கம்பி நீட்டிவிடுவான். நடிகர்கள் ஊர் திரும்ப ரயில் சத்தமில்லாமல் எங்கோ ஓர் ஊரில் நிற்பார்கள். கான்ட்ராக்டரை நம்பி வெளி மாநிலம் போய்க் கூலி வராமல் நின்றவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. இதற்காகத்தான் 1913-ல் நடிகர் சங்கம் தோன்றியது. 1919-ல் ஒரு மாதம் வேலைநிறுத்தம் செய்து முதலாளிகளிடம் அங்கீகாரம் பெற்றது.

வாத்தியக்காரர்கள் கதையும் அதேதான். 2003 மார்ச்சில், கொட்டகையில் குறைந்தபட்சம் இத்தனை வாத்தியக்காரர் இருக்க வேண்டும் என்ற விதியைத் தளர்த்தத் தயாரிப்பாளர்கள் முயன்றார்கள். பெரிய கொட்டகைகளில் அந்த எண்ணிக்கை 24 முதல் 26 வரை. வாசிப்பவர்கள் வராவிட்டால் கம்ப்யூட்டர் வாசிக்கும் என்று ஏற்பாடும் செய்து வைத்தார்கள். வாத்தியக்காரர்கள் வேலைநிறுத்தத்தில் இறங்கியபோது நடிகர்களும் மேடைத் தொழிலாளர்களும் அவர்களைத் தாண்டி உள்ளே போக மறுத்துவிட்டார்கள். பதினெட்டு இசை நாடகங்கள் நின்றன. நான்கு நாட்களில், மேயர் தலையிட்டு, 18 அல்லது 19 பேர் என்று சமரசம் ஆனது. முழு வெற்றி என்று சொல்ல முடியாது. ஆனால் அன்று நடிகர்கள் உள்ளே போயிருந்தால் பதினெட்டுக்கூட நிலைத்திருக்காது.

எனவே பிராட்வே கச்சேரி என்று நோட்டீஸ் அடிப்பவர்களிடம் கேட்க வேண்டிய முதல் கேள்வி, பக்கவாத்தியம் நேரில் வாசிக்கப்படுகிறதா, அல்லது பதிவு செய்த நாடாவுக்கு வாய்ப்பாட்டு மட்டும் பாடுகிறார்களா என்பது. பாட்டுக்காரர் நாலு பேர் பெயரைப் பெரிய எழுத்தில் போடுகிறவர்கள் வாசிப்பவர்கள் பெயரைச் சின்ன எழுத்திலாவது போடலாம். ஒவ்வொரு பாட்டுக்கும் முன்னால், இதைக் கதையில் பாடுபவர் யார், எந்த நிலையில் பாடுகிறார் என்று இரண்டு வாக்கியம் சொன்னால் ஐந்து நிமிஷம்கூடச் செலவாகாது. ஃபான்டீன் ஆலைத் தொழிலாளி என்று தெரிந்தால் கைதட்டல் குறைந்துவிடுமா என்ன?

இதெல்லாம் எங்கோ அமெரிக்காவில் நடப்பது, மும்பையில் இருப்பவர்களுக்கு எதற்கு என்று தள்ளிவிட முடியாது. 2023-ல் பாந்த்ரா குர்லா காம்ப்ளெக்ஸில் 2,000 இருக்கைகள் கொண்ட பெரிய அரங்கத்தோடு கலை மையம் ஒன்று திறக்கப்பட்டது. அதே ஆண்டு மே மாதம் 'தி சவுண்ட் ஆஃப் மியூசிக்' அங்கே வந்தது. ஆகஸ்டில் 'வெஸ்ட் சைட் ஸ்டோரி', 2025 மார்ச்சில் 'ஃபாண்டம்'. நாடகங்கள் வந்த வழியில் கச்சேரிகளும் வரத்தான் போகின்றன. அந்த அரங்கத்துக்கும் தாராவிக்கும் நடுவில் இருப்பது மித்தி நதி ஒன்றுதான். தமிழரான ஏ. ஆர். ரஹ்மான் இசையமைத்த 'பாம்பே ட்ரீம்ஸ்' 2002-ல் லண்டனிலும் 2004-ல் பிராட்வேயிலும் நடந்தபோது அதன் கதாநாயகன் மும்பைச் சேரிப் பையன்தான். சேரிப் பையன் மேடையில் கதாநாயகனாக இருக்கலாம், டிக்கெட் கவுன்டரில் மட்டும் அவனுக்கு இடமில்லை என்பது எந்த ஊர் நியாயம்?

இதற்கு வழி தேடி வெகுதூரம் போக வேண்டாம். பிராட்வே நடுவிலேயே, டைம்ஸ் சதுக்கத்தில், 1973 முதல் ஒரு டிக்கெட் கவுன்டர் இருக்கிறது. அன்றைய ஆட்டத்துக்கு விற்காமல் மிஞ்சிய டிக்கெட்டுகளை அன்றே பாதி விலைக்கும் அதையொட்டிய விலைக்கும் அங்கே விற்கிறார்கள். காலி நாற்காலி ஆட்டம் முடிந்த மறு நிமிஷம் காசு பெறாது என்ற எளிய கணக்குத்தான். ஆபீஸ் விட்டு வருகிறவர்கள் வரிசையில் நின்று வாங்கிப் போகிறார்கள். பிராட்வேயின் பாட்டுகளையும் பாட்டுக்காரர்களையும் இறக்குமதி செய்கிறவர்கள் அந்தக் கவுன்டரையும் சேர்த்து இறக்குமதி செய்து, குர்லா ஸ்டேஷன் வாசலிலோ சயான் ஸ்டேஷன் வாசலிலோ வைக்கலாம். மாலை ஐந்து மணிக்குத் திறந்தால் போதும்.